வசவுக்காரிகள்

புதுச் சேலையைக் கத்தரிக்கோலால் கிழித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறார். எங்கள் ஊர்ப் பலாமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து, கடை மடிப்புக்கூடக் கலையாத சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையில் ஒரு வெட்டு, தோள் பக்கம் ஒரு ஓட்டை என்று போட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவற்றை டீத்தூள் தண்ணீரில் முக்கி வேலியில் காயப்போட்டார். அவர் வேலைக்கு உடை அலங்காரம் என்று பெயராம். தலையில் புல்லுக்கட்டோடு அந்தப் பக்கம் வந்த எங்கள் அண்ணி, கட்டை இறக்காமலே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். “ஏங்க, அந்தச் சேல என்ன தப்பு பண்ணுச்சு?” என்று கேட்டார். மலைப் பெண்கள் படுகிற கஷ்டம் திரையில் தெரிய வேண்டும், அதற்காகத்தான் கிழிக்கிறேன் என்றார் அவர். அண்ணி குனிந்து தன் சேலையைப் பார்த்துக்கொண்டார். அது முழுசாகத்தான் இருந்தது. அதற்காக அவர் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி எனக்குப் பட்டது.

அந்தப் படத்தில் நானும் முக்கியமான பொறுப்பில்தான் இருந்தேன். அடிவாரத்திலிருந்து வத்தல்மலைக்கு ஏறும் பிக்கப் வண்டியை ஓட்டினேன். காலையில் ஜெனரேட்டர், மத்தியானம் சாப்பாட்டு அண்டா, சாயங்காலம் கோபித்துக்கொண்டு சென்னைக்கே போகிறேன் என்று கிளம்பும் உதவி இயக்குநர், மறுநாள் காலையில் சமாதானமாகித் திரும்பி வரும் அதே உதவி இயக்குநர், எல்லாரும் என் வண்டிதான். நான் ஒன்பதாவதை இரண்டு வருடம் படித்தவன். அதனால் பத்தாவது முடித்த மாதிரிதான் என்று வாதாடுவேன். அந்தப் படிப்பை நம்பி எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்கள். கதாநாயகி பெங்களூர்ப் பெண். தமிழ் புரியும், பேசினால் தட்டும். அந்தப் பெண்ணுக்கு எங்கள் மலைப் பேச்சைச் சொல்லித்தரும் வாத்தியார் நான்தான். பள்ளிக்கூடம் என்னை எப்படி நடத்தியதோ அதற்கெல்லாம் சேர்த்து நான் அந்த வேலையைச் செய்தேன்.

படத்தின் கதையே எங்கள் அண்ணியின் கதைதான். அதற்கு முந்தின வருடம் இயக்குநர் தனியாக வந்து, எங்கள் வீட்டில் காபி குடித்து, செல்போனைப் பதிவில் வைத்துவிட்டு அண்ணியைப் பேசச் சொல்லியிருந்தார். அண்ணியின் மகள் பாப்பா பிறந்த கதை அது. மலைக்கு ரோடு வராத காலம். ஆண்கள் எல்லாரும் குடகுக்குக் காபிக்கொட்டை பறிக்கப் போயிருந்தார்கள், என் அண்ணனும் போயிருந்தான். நான் அடிவாரத்து விடுதியில் ஒன்பதாவதை முதல் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணிக்கு வலி கண்டு, ஒரு நாளாகியும் பிள்ளை வரவில்லை. ஊரில் மிச்சமிருந்த பெண்கள் ஏழு பேர் மூங்கில் கழியில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, அண்ணியை அதில் போட்டு, மாற்றி மாற்றித் தோள்கொடுத்து, பழைய தடத்தில் கால் நோகக் கீழே இறங்கினார்கள். விடிந்து கிளம்பியவர்கள் உச்சிப்பொழுதில் அடிவாரம் சேர்ந்தார்கள். அங்கிருந்து யாருடைய வண்டியிலோ தர்மபுரி பெரியாஸ்பத்திரி. அண்ணி இதை இயக்குநருக்கு ரொம்ப அடக்கமாகச் சொன்னார். ரத்தம் போனது, கண் இருட்டியது, ஏழு பேர் தூக்கினார்கள், பிழைத்தேன். அவ்வளவுதான். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, போகும்போது அண்ணியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

படப்பிடிப்பு தொடங்கியதும் அந்த ஏழு பேரும், கூடவே அண்ணியும் ஊர்ப் பெண்களாக நடிக்க வந்தார்கள். தலைக்குக் குளித்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களை வரிசையாக நிற்கவைத்து முகத்தில் சேற்றைப் பூசினார்கள். அந்த ஏழு பேரில் தலைவி மாதிரி இருந்தவர் என் அப்பாவின் தங்கை, சின்னத்தை. அவர் வாய்க்குப் பயந்து காட்டுப்பன்றிகூட அவருடைய சாமைக்காட்டில் இறங்காது என்று நான்தான் ஊரெல்லாம் கிளப்பிவிட்டிருந்தேன். கதாநாயகிப் பெண் ஒருநாள் என்னிடம், யாராவது உதவி செய்தால் உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டது. “சீமாத்துக்கட்ட” என்று சொல்ல வேண்டும், ரொம்ப நெருங்கினவர்களுக்கு மட்டும் சொல்கிற மரியாதை அது என்றேன். நாங்கள் காட்டுப் புல்லில் கட்டுகிற துடைப்பத்துக்குச் சீமாறு என்று பேர். அது தேய்ந்து மிச்சமாகும் அடிக்கட்டைதான் சீமாத்துக்கட்டை. மறுநாள் காலையில் காபி கொண்டுவந்து கொடுத்த சின்னத்தையை அந்தப் பெண் இரண்டு கையாலும் கும்பிட்டு, “சீமாத்துக்கட்ட” என்றது. சின்னத்தை அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை. நான் எங்கே நிற்கிறேன் என்றுதான் திரும்பிப் பார்த்தார். அண்ணி அர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பெண் ஒரு நிஜச் சீமாற்றை எடுத்துக்கொண்டு என்னைப் பலாமரத்தைச் சுற்றி விரட்டியது. அதன் பிறகு பேச்சுப் பாடம் அண்ணியிடம் போய்விட்டது. அண்ணியோடு தண்ணீர் எடுக்கும், புல் கட்டும், அண்ணி இடுப்பில் கைவைத்து நிற்பதைப் பார்த்துத் தானும் அப்படியே நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு அண்ணிகள் நிற்பது போலிருக்கும். ஒன்றைத் தாண்டி ஏச்சு வாங்காமல் போகலாம், இரண்டையும் தாண்டிப் போக முடியாது.

கடைசிக்கு முந்தின நாள் காலையில் உதவி இயக்குநர் என் வண்டியில் உட்கார்ந்து, காகிதத்தைப் பார்த்து, ரோஜா மாலை வந்துவிட்டதா, வாய்க்கரிசி வந்துவிட்டதா என்று போனில் கேட்டுக்கொண்டு வந்தார். யாருக்கு என்றேன். கதாநாயகிக்குத்தான், இன்றைக்குத் தூளியில் வரும்போது வழியிலேயே செத்துப்போகிற காட்சி, ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும் என்றார். எனக்கு அதில் சிரிப்புத்தான் வந்தது. மேலே போனதும் நேராக அண்ணியிடம் போய், “அண்ணி, இன்னிக்குப் பதினோரு மணிக்கு நீங்க சாவறீங்களாம். ஒப்பாரிக்கும் உங்களையேதான் கூப்புட்றாங்க” என்றேன். அண்ணி வழக்கமாக என் கேலிக்கு ஒரு பதில் வைத்திருப்பார். அன்றைக்கோ, கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்துச் சேற்றைத் துடைத்தபடி இயக்குநர் உட்கார்ந்திருந்த குடைக்கு நடந்தார். நான் சொன்ன கேலிகளில் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தது அந்த ஒன்றைத்தான்.

“சார், நான் சாவலிங்களே” என்றார் அண்ணி.

இயக்குநர் கெட்டவர் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணியை உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பெண் பிழைத்துவிட்டால் பார்க்கிறவர்கள் நிம்மதியாக எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள், செத்தால்தான் நெஞ்சில் நிற்கும், மலைக்கு ரோடு இல்லை என்பது அப்போதுதான் ஜனங்களுக்கு உறைக்கும் என்றார்.

“ரோடு வந்து ஆறு வருசம் ஆச்சுங்க. உங்க வண்டியெல்லாம் அதுலதான வந்துச்சு.”

நான் இருமி வைத்தேன். இயக்குநரும் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. ரோடு வருவதற்கு முன்னால் இந்தத் தடத்தில் எத்தனை பெண்கள் செத்திருப்பார்கள், அது பொய்யா என்று கேட்டார். அது பொய் இல்லை. அண்ணிக்கும் அது தெரியும். அண்ணி அதற்குச் சொன்னதை நான் அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

“செத்தவங்க கதைய எடுங்க, வேணாங்கல. ஆனா இது என் கதைங்க. இதுல நான் செத்துட்டா எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போவாது. என்னத் தூக்குனவங்க ஏழு பேரு. அவங்க பொணத்தையா தூக்கிட்டு எறங்குனாங்க?”

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிறது என்றார். கதாநாயகி மறுநாள் சாயங்காலம் ஊருக்குக் கிளம்புகிறாள், கதையை இனிமேல் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டு மற்றவர்களை ஒப்பாரிக்கு உட்காரச் சொன்னார். ஏழு பேரும் உட்காரவில்லை. சும்மா நடிப்புத்தானே என்று உதவி இயக்குநர் கெஞ்சினார். சின்னத்தை அந்தப் பெங்களூர்ப் பெண்ணைக் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். “இவளப் பெத்தவ அங்க உசுரோட இருக்கா. இங்க நாங்க ஒப்பாரி வெச்சா அவளுக்கு வவுறு எரியாதா? அவ புள்ளய எங்கள நம்பித்தான அனுப்பியிருக்கா” என்றார். அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு புரிந்ததோ, சின்னத்தையின் கையை அது விடவில்லை. கடைசியில் இயக்குநர் பாதி இறங்கி வந்தார். ஒப்பாரி வேண்டாம், பேசவும் வேண்டாம், தூளியைத் தூக்கிக்கொண்டு பேசாமல் இறங்கினால் போதும், பாட்டைச் சென்னையில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். அப்படிச் சேர்த்தால் அண்ணி இங்கே சாகாமல் சென்னையில் போய்ச் சாவார் என்பது எனக்கே புரிந்தது. ஆனால் அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கழியின் பின் முனைக்குப் போனார். அங்கே நின்ற பெண்ணை விலக்கிவிட்டு, அன்றைக்கு நான் படுத்திருந்தேன், இன்றைக்கு என் முறை என்றார்.

பழைய தடத்தில் இப்போது யாரும் நடப்பதில்லை. இரண்டு பக்கமும் உண்ணிச்செடி மூடிக் கிடக்கிறது. கேமராக்காரர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து இறங்க, அவர் உருண்டுவிடாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கினேன். இயக்குநர் பாறைமேல் ஓரமாக வந்தார். முன்னால் இரண்டு பேர், பின்னால் அண்ணியும் சின்னத்தையும். நடுவில் கம்பளிக்குள் அந்தப் பெண், கண் சொருகி, ஒரு கை வெளியே தொங்க, நிஜமாகவே உயிர் போகிற மாதிரி கிடந்தது. கல் உருளும் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. தடம் செங்குத்தாகத் திரும்பும் பாறை வளைவில் அண்ணியின் குரல் கேட்டது.

“கைய உள்ள இழுத்துக்கடி. முள்ளு கிழிச்சா அதுக்கும் நாங்கதான் பதில் சொல்லணும்.”

சின்னத்தை உடனே பிடித்துக்கொண்டார். “அவளுக்கென்ன, மவராணி. நம்ம தோள்ல ஏறி ஊர்கோலம் போறா. எஞ் சேவலக் கல்லால அடிச்சு நொண்டியாக்குனவதான இவ.”

அப்புறம் ஏழு வாயும் திறந்துகொண்டன. களி கிண்டத் தெரியாதவள், குடிக்கிற தண்ணிக்கு மேலே துணி துவைத்தவள், கட்டியவனை மாமியாரிடமிருந்து பிரித்தவள், நடையைப் பார், மூக்கைப் பார் என்று ஆரம்பித்து, நான் இங்கே எழுதத் துணியாத இடங்களுக்கெல்லாம் போய் வந்தார்கள். திட்டத் திட்ட அவர்கள் நடை வேகமானது. இயக்குநரின் கை நிறுத்தச் சொல்வதற்காக மேலே போனது. போனது அப்படியே நின்றது. அண்ணி கழியைத் தோளிலிருந்து நழுவவிடாமல் குனிந்து அந்தப் பெண்ணின் காதருகே போய், “தூங்குனன்னா பாரு. கண்ணத் தொற. தொறடி” என்றார். அந்தக் குரல் நடிப்பில்லை. அதைக் கேட்டு எனக்கே கண் அகலத் திறந்துகொண்டது. தூளிக்குள் கிடந்த பெண் கண்ணைத் திறந்து, தலையைத் தூக்கி, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

“போங்கடி சீமாத்துக்கட்டைங்களா” என்றது, சுத்தமான பெங்களூர்த் தமிழில்.

பெண்கள் நிற்கவில்லை. ஏதோ மாடு ஈன்றுவிட்ட மாதிரி ஒரு சந்தோஷச் சத்தம் போட்டுக்கொண்டு இன்னும் வேகமாக இறங்கினார்கள். கேமராக்காரரும் நானும் ஓடவேண்டியதாயிற்று. தட்டைப் பாறையில் தூளியை இறக்கி வைக்கிறவரை இயக்குநர் ‘கட்’ சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டதாக அப்புறம் சொன்னார்.

அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து அவர் அண்ணியைக் கேட்டார், அன்றைக்கும் இப்படித்தான் நடந்ததா என்று. இப்படித்தான் நடந்தது. ரத்தம் போய் அண்ணிக்குக் கண் சொருகிக்கொண்டே வந்திருக்கிறது. தூங்கினால் எழமாட்டாள் என்று தூக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கையில் மருந்து இல்லை, மாத்திரை இல்லை. ஆனால் இவள் ரோசக்காரி என்பது ஏழு பேருக்கும் தெரியும். அந்த ரோசத்தைத்தான் அடிவாரம் வரைக்கும் கிளறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒருத்தி வாய் ஓய்ந்தால் அடுத்தவள் தொடங்குவாளாம். பாதி வழியில் அண்ணி கண்ணைத் திறந்து, “எறக்கி வுடுங்கடி. உங்க வாயி நாத்தத்துக்கு நான் நடந்தே போயிருவேன்” என்றாராம். அதைக் கேட்ட பிறகுதான் தூக்கியவர்களுக்குக் காலில் தெம்பு வந்ததாம். இயக்குநருக்கு ஒரே ஒரு விஷயம்தான் விளங்கவில்லை. அவ்வளவு நேரம் பேசினீர்கள், பதிவெல்லாம் செய்தேன், இதை ஏன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்றார்.

அண்ணி வெட்கப்பட்டார். “நீங்க படிச்சவரு. எங்க வூட்டுக்கு மொதமொத வந்துருந்தீங்க. உங்க முன்னாடி எப்படிங்க கெட்ட வார்த்த பேசறது? அதான் அத வுட்டுட்டுச் சொன்னேன்.”

நடந்த தவறு அவ்வளவுதான். வந்தவருக்கு மரியாதை கொடுப்பதற்காக, தன்னைப் பிழைக்கவைத்ததை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லியிருக்கிறார். வசவை எடுத்துவிட்டால் அந்தக் கதையில் ரத்தமும் கல்லும் முள்ளும்தான் இருக்கின்றன. அதைக் கேட்ட நல்ல மனிதர் யாராக இருந்தாலும் கடைசியில் ஒரு சாவைத்தான் எழுதியிருப்பார். எனக்கு அன்றைக்குத்தான் இன்னொன்றும் புரிந்தது. எங்கள் பெண்களின் கஷ்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் எங்கள் பெண்கள் வாயை மூடிக்கொண்டு மரியாதையாக நிற்பார்கள். வந்தவர்கள் அந்த மௌனத்தைப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம், வாயில்லாத ஜனங்கள் என்று எழுதிக்கொண்டு போவார்கள். அவர்கள் வண்டி வளைவு திரும்பியதும் சின்னத்தை வாயைத் திறப்பதைக் கேட்க அவர்கள் இருப்பதில்லை. நான் இருந்திருக்கிறேன், வாழ்க்கை முழுக்க.

அன்று சாயங்காலமே மறுநாளுக்கான கதைப் பக்கங்கள் மாறின. கதாநாயகி பிழைத்துக்கொண்டாள். தூளிக் காட்சியை இரண்டாம் தடவை எடுக்கவில்லை. அதற்குள் அண்ணிமேல் இருந்த அந்தப் பழைய சேவல் வழக்கு உண்மையிலேயே மறுபடி தொடங்கிவிட்டது. கல் சேவல்மேல் பாய்ந்த கீரிக்கு எறிந்தது என்று அண்ணி சொல்ல, கீரிக்கும் சேவலுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நீ என்று சின்னத்தை கேட்க, இரண்டு பேரும் மலை ஏறுகிறவரைக்கும் ஓயவில்லை. சாவுக்கு வாங்கிய ரோஜா மாலை வீணாகப் போவானேன் என்று நான் என் வண்டி முகப்புக்குப் போட்டுக்கொண்டேன். வண்டி புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது.

போன வருடம் படம் வந்தது. தர்மபுரியில் காலைக் காட்சிக்கு எங்கள் பெண்களை நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். கிழியாத சேலைகள், கனகாம்பரம், பவுடர். இந்தத் தடவை யாரும் சேறு பூச வரவில்லை. பாப்பாவும் வந்திருந்தாள். இப்போது எட்டாவது படிக்கிறாள், என்னைவிட வேகமாகப் படிக்கிறாள். மொரப்பூர், பொம்மிடிப் பக்கத்து ஆட்களெல்லாம் வந்து தியேட்டர் முக்கால்வாசி நிறைந்திருந்தது. தூளிக் காட்சி வந்தது. வசவு தொடங்கியதும் எங்கோ ஒரு பெண் சிரித்தாள், அப்புறம் பத்துப் பேர். அந்தப் பெங்களூர்ப் பெண் தலையைத் தூக்கிப் பதில் சொன்னபோது தியேட்டரே கைதட்டியது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய மீசைக்காரர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அண்ணி திரையைப் பார்க்கவில்லை. சுற்றிலும் சிரித்து அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பெயர்கள் வரும், பார்க்காமல் எழுந்துவிடாதீர்கள் என்று இயக்குநர் எனக்கு முன்பே போன் செய்திருந்தார். ஆனால் குழந்தை அழும் சத்தத்தோடு படம் முடிந்து எழுத்து ஓடத் தொடங்கியதும், தியேட்டர்காரர் வழக்கம்போல் விளக்கைப் போட்டுத் திரையை அணைத்துவிட்டார். ஜனங்கள் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார்கள். அவ்வளவுதானா என்று அண்ணி என்னைப் பார்த்தார். பேரெல்லாம் இனிமேல்தான் இருக்கிறது, அணைத்துவிட்டான் என்று சொன்னேன். சின்னத்தை எழுந்து, பின்சுவரில் உயரத்திலிருந்த, படம் ஓட்டுகிற அறையின் சின்ன ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார். மற்ற ஆறு பேரும் எழுந்தார்கள். அவர்கள் அந்த ஜன்னலைப் பார்த்து என்னவெல்லாம் சொன்னார்கள் என்பதை எழுதமாட்டேன். வாசலுக்குப் போனவர்கள் நின்றுவிட்டார்கள். ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது, மறைந்தது. விளக்கு அணைந்து, படம் மறுபடி வந்தது.

வசனம் என்று போட்டு இயக்குநர் பெயர் வந்தது. அதற்குக் கீழே வசவு என்று போட்டு ஏழு பெயர்கள் வந்தன. பாப்பா எழுந்து நின்று ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். தன் பெயர் வரும்போது ஒவ்வொருத்தியும் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்துகொண்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அண்ணி ஏழையும் மேலிருந்து கீழே பார்த்தார். அதில் அவர் பெயர் இல்லை. அண்ணி முகத்தில் வருத்தம் தெரியவில்லை. தூக்கியவர்கள் பெயர் வந்துவிட்டது என்ற நிறைவுதான் இருந்தது. எனக்குத்தான் சுருக்கென்றது. அப்போது அந்த எழுத்துகள் மேலே நகர்ந்து, தனியாக ஒரு வரி வந்து நின்றது. ‘பதில் சொன்னவர்’ என்று போட்டு, பக்கத்தில் எங்கள் அண்ணியின் பெயர்.

பாப்பாவின் குரல் அந்த வரியில் கொஞ்சம் தடுக்கியது. படித்து முடித்தாள். அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, வாசலில் நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னொரு வாட்டி படி பாப்பா. கடேசில நிக்கறவங்களுக்குக் கேக்கல.”